ஏறி வந்த பாட்டு: ராப் எழுதத் தொடங்குபவர்களுக்கு

ராப் அதிகம் கேட்காத பெரியவர்கள் மதுரைப் பக்கம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "எந்தப் பாட்டை எடுத்தாலும் நான் அப்படி, நான் இப்படின்னு பீத்திக்கிறாய்ங்கப்பா." அதில் உண்மை இருக்கிறது. ராப்பில் 'நான்' அதிகம்தான். ஆனால் அந்த 'நான்' யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனித்தால் பாட்டு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

கீழே கிடந்தேன், ஏளனம் செய்தார்கள், வழியில் சறுக்கப் பார்த்தேன், இன்றைக்கு இங்கே நிற்கிறேன். இந்தக் கதையைச் சொல்வது ராப்பில் ஒரு தனி வகை. பையன்கள் இதை மோட்டிவேஷன் ராப் என்பார்கள். இந்தக் கட்டுரைக்காக 'ஏறி வந்த பாட்டு' என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் கை வைக்கிறார்கள். எழுதி முடித்ததும், மனசில் இருந்த வேகம் தாளில் ஏன் இல்லை என்று திகைப்பதும் இதில்தான்.

அதற்கு நான் கண்ட காரணம் ஒன்றே. இந்தப் பாட்டில் வெற்றியின் எடை எதிராளியிடம் இருக்கிறது. ஏளனம் செய்தவனுக்கும், உங்களை இழுத்துப் பார்த்த ஆசைக்கும் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்களோ, கடைசியில் வரும் 'ஜெயிச்சேன்' என்ற சொல்லுக்கும் அவ்வளவு பலம்தான் இருக்கும். எதிரியை நோஞ்சானாகக் காட்டிவிட்டு அவனை அடித்தேன் என்று பாடினால் யாருக்கு என்ன?

முதலில் இந்த 'நான்' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் சின்டி கேம்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி நடத்தினார். பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதுதான் நோக்கம். பாட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம். ஒரு பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழற்றி அவர் நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் மைக் பிடித்து ஆடுபவர்களை உற்சாகப்படுத்திப் பேசிய பேச்சுதான் வளர்ந்து ராப் ஆனது. அந்த வருடங்களில் பிராங்க்ஸில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. பெரிய நெடுஞ்சாலை ஒன்று குடியிருப்புகளைப் பிளந்து போயிருந்தது. நகரம் கைகழுவிய இடம் அது. அங்கே ஒரு பையன் மைக்கில் தன் பெயரை உரக்கச் சொல்வது வெறும் தற்பெருமையாக இருந்திருக்க முடியாது. இருக்கிறேன் என்று பதிவு செய்வது அது.

தமிழில் ராப் காதில் விழுந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: 1994-இல் 'காதலன்' படத்தின் பேட்ட ராப் வழியே சினிமா அதைத் தொட்டது. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' பாட்டுத் தொகுப்பு வந்தது. 2018-இல் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறி, கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதியைப் பற்றி நேராகப் பேசியது. இப்போது போனும் மலிவான மைக்கும் இருந்தால் போதும், ஜெய்ஹிந்த்புரத்து மாடியறையிலும் பாட்டு பதிவாகும்.

ஆனால் ஏளனத்துக்குப் பாட்டில் பதில் சொல்லும் வழக்கம் மதுரைக்குப் புதுசில்லை. புறநானூற்றின் 72-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவன் பாண்டிய அரசன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்தவன். 'இளையன் இவன்' என்று பகை வேந்தர்கள் அவனை மனம் நோகப் பேசுகிறார்கள். அவன் அந்தச் சொல்லை மறைக்கவில்லை. பாட்டின் தொடக்கத்திலேயே அதைத் தன் வாயால் சொல்கிறான். அதோடு விடவில்லை. எங்களிடம் பெரிய யானைகள் உண்டு, தேர் உண்டு, குதிரை உண்டு, வீரர்கள் உண்டு என்று அவர்கள் அடுக்கியதையும் வரிசையாகச் சொல்கிறான். மணி ஒலிக்க நடக்கும் யானையின் பருத்த கால்கூட அந்த வரிகளில் தெரியும். எதிரியின் பலத்தை இவ்வளவு அழகாக வர்ணித்த பிறகுதான் வஞ்சினம் வருகிறது. அவர்களைச் சிதறடித்து முரசோடு பிடிக்கவில்லை என்றால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான்.

இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. எதிராளி சொன்னதை அப்படியே சொல். அவன் கையில் என்ன இருக்கிறது என்று காட்டு. தோற்றால் நீ எதை இழப்பாய் என்று பந்தயம் வை. நெடுஞ்செழியன் 'நான் வெல்வேன்' என்று நேராகச் சொல்லவே இல்லை. வெல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ராப் எழுத உங்களிடம் இருக்கும் இடம் எவ்வளவு என்று தெரியாமல் எழுதினால் எல்லாம் வழிந்துவிடும். பாட்டுக்கு அடியில் ஓடும் இசைக்குப் பீட் என்று பெயர். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். கதையைச் சொல்லும் பகுதிக்கு வெர்ஸ் என்று பெயர். வழக்கமாக ஒரு வெர்ஸுக்கு 16 பார், நடுவில் திரும்பத் திரும்ப வரும் ஹூக்குக்கு 8 பார் என்று வைப்பார்கள். நிமிடத்துக்கு 90 தட்டு போகும் பீட் என்றால் 16 பார் ஓடி முடிய ஏறக்குறைய 43 விநாடி. கீழே நான் எழுதிக் காட்டும் வரிகளை நிதானமான வேகத்தில் சொன்னால் ஒவ்வொன்றும் இரண்டு பார் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு முழு வெர்ஸுக்கு எட்டே வரி. அந்த எட்டு வரிக்குள் 'வானம் தொடுவேன், இமயம் ஏறுவேன்' என்று இரண்டு வரியைச் செலவழித்தால் கால்வாசிப் பாட்டு போய்விட்டது.

எழுதத் தொடங்குபவர்கள் நோட்டில் இந்த மாதிரி வரியை நிறையப் பார்க்கலாம்:

நான் வருவேன், எழுவேன், ஜெயிப்பேன் பார்
என்னைத் தடுக்க இங்கே யார்?

தாளத்தில் உட்காரும். கூட்டம் கை தட்டவும் தட்டும். ஆனால் இதைப் பாடுவது திருநெல்வேலிப் பையனா, திருப்பூர்ப் பெண்ணா, கல்லூரி மாணவரா, கொத்தனாரா என்று தெரியாது. தடுத்தது யார் என்றும் தெரியாது. யாருமே தடுக்காத மாதிரித்தான் இருக்கிறது. இதையே ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் செல்லூரிலிருந்து சொன்னால்:

செல்லூர் ரோட்டுல தறிச்சத்தம், அதுதான் எனக்கு முதல் தாளம்
சொல்லாத வார்த்தை தொண்டைக்குள்ள, அப்பா கையில நூல் சாயம்

இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஆள் வந்துவிட்டான்.

அமெரிக்க ராப்பில் இந்த வகைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1994-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. பாடிய 'ஜூசி'. நீ உருப்படவே மாட்டாய் என்று சொன்ன ஆசிரியர்களுக்குச் சமர்ப்பணம் என்று தொடங்கும் பாட்டு அது. மகளுக்குச் சோறு போடத் தெருவில் நின்று பிழைத்தபோது போலீஸுக்குச் சொன்ன மாடிவீட்டுக்காரர்களையும் அதே மூச்சில் நினைவுகூர்கிறார். அப்புறம் வறுமையைச் சொல்லும்போது 'கஷ்டப்பட்டேன்' என்று பொதுவாகச் சொல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கு மத்தி மீனைத்தான் தின்றோம் என்கிறார். கார், பணம் என்று அவர் பின்னால் அடுக்குவது நமக்கு உறுத்தாமல் இருப்பதற்கு அந்த மத்தி மீன்தான் காரணம்.

விமர்சகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் குழப்பம். 'ஹேட்டர்ஸ்' என்று ஒரே சாக்கில் எல்லோரையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். குறை சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவனே எழுதிக் கொடுத்த பாட்டாக இருந்தாலும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரர் கதை இந்த ஊர்க் கதை. அவர் பேசியது பாட்டைப் பற்றி. 'இளையன் இவன்' என்றவர்கள் பேசியது ஆளைப் பற்றி. உங்கள் தாளம் தவறுகிறது, உச்சரிப்பு புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை டிஸ் செய்து, அதாவது மட்டம் தட்டி, பாட்டு எழுதக் கூடாது. போய்ப் பழக வேண்டும். இவனெல்லாம் பாடி என்னத்தக் கிழிக்கப் போறான் என்று ஆளைப் பார்த்துச் சொன்னதுதான் பாட்டுக்குரிய விஷயம்.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு குரல் இருக்கிறது. அதுதான் எழுதக் கடினமானது, எழுதினால் பலன் தருவதும் அதுதான். உங்கள் மேல் அக்கறை வைத்துக்கொண்டே வேண்டாம் என்பவர்கள். அப்பா, பெரியப்பா, டீச்சர், காதலிக்கும் பெண். இவர்களைப் பொறாமைக்காரர்களாக வரைந்தால் பாட்டு பொய்யாகிவிடும்.

"பாட்டா சோறு போடும்?"னு கேட்ட பெரியப்பா கேட்டது தப்பில்ல
வீட்டு வாடகை நாள் வந்தா என் பேனாவுக்கும் பதில் இல்ல

பெரியப்பா பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதால் பாடுபவன் இறங்கிப் போகவில்லை. கேட்பவர்கள் அவன் பக்கம் வந்துவிடுகிறார்கள். 2002-இல் வந்த '8 மைல்' படத்தின் கடைசி ராப் போட்டியில், ராப் பாடகர் எமினெம் நடித்த பாத்திரம் செய்வதும் இதுதான். எதிராளி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய அத்தனை அவமானத்தையும் முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிறான். வெள்ளைக்காரன், அம்மாவோடு டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிறவன், அடி வாங்கியவன், எல்லாவற்றையும். எதிரில் நிற்பவன் கையில் மைக் இருக்கிறது, சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படத்துக்காக எமினெம் எழுதிய பாட்டு ஆஸ்கர் வாங்கிய முதல் ராப் பாட்டு. அதுவும் மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றுப்போகும் ஒருவனைக் காட்டித்தான் தொடங்குகிறது.

இனி ஆசை. இந்த வகைப் பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏளனம் வெளியிலிருந்து வருகிறது, கோபப்பட்டால் போதும். ஆசை நம் குரலிலேயே பேசும். நமக்கு நல்லது செய்வது போலவே பேசும். அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 2015 தொகுப்பில் சாத்தானுக்கு 'லூசி' என்று பெயர். லூசிபர் என்பதன் செல்லப் பெயர். லூசி வந்து கொம்பைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை. உன் பையை நிரப்புகிறேன், உன் அம்மாவை நீ வளர்ந்த காம்ப்டன் பகுதியிலிருந்து கூட்டிப் போய் மாளிகையில் வைக்கிறேன் என்கிறது. அம்மாவுக்கு வீடு! இதை எந்தப் பிள்ளை வேண்டாம் என்பான்? அதற்கு முன்பு 2012-இல் அவர் பாடிய குடியைப் பற்றிய பாட்டில், கூட்டாளிகள் ஊற்றிக் கொடுப்பது ஒரு குரலில் வரும், மனசாட்சி வேறொரு மாற்றிய குரலில் வந்து எச்சரிக்கும். பார்ட்டிப் பாட்டு என்று நினைத்து ஆடியவர்கள் பலர். அந்த அளவுக்கு ஆசையின் குரல் அதில் இனிக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய பள்ளிக்கூடமே உண்டு. மதுரை வட்டாரக் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பாருங்கள், சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகம். தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும். பாட்டும் வசனமுமாக, பாதி மேடையிலேயே கட்டியது. நாரதராக வருபவர் சோப்ளாங்கியாகப் பேசினால் கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். அவர் மடக்க மடக்கத்தான் வள்ளி நடிகையின் பதிலுக்குக் கைத்தட்டல் ஏறும். உங்கள் பாட்டில் ஆசைக்கு ஒரு நாரதர் வேண்டும்.

மதுரையில் பாடவரும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஆசை என்ன உருவத்தில் வருகிறது? நிகழ்ச்சி முடிந்ததும் நீளும் டம்ளர். ஒரே ராத்திரியில் சரியாகிவிடும் என்று சொல்லும் ஆன்லைன் ரம்மி. வட்டி வசூலுக்குப் பைக்கில் பின்னால் உட்கார ஆள் தேடும் தெரிந்த அண்ணன். எல்லாவற்றையும்விடப் பாடகருக்கென்றே வருவது, எங்கள் சாதிப் பெருமையை ஒரு பாட்டில் பாடு என்று நீட்டப்படும் கவர். அதில் பணமும் உண்டு, கூட்டமும் உண்டு, மறுநாளே ஊரெல்லாம் ஓடும். அதனால்தான் அதை எழுத வேண்டும் என்கிறேன்.

அண்ணன் கார்க் கதவத் திறந்தாரு, ஏசி காத்து முகத்துல
கண்ணுல தூக்கம், பையில பத்து ரூவா, பைக்கு ஓடுது ரிசர்வுல
"ஒரே ஒரு பாட்டு, எங்க பேரப் போட்டு" கவரு கனமா இருந்துச்சு
ஒரு நிமிஷம் என் விரலும் அந்தக் கவரத் தடவிப் பார்த்துச்சு

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் உபதேசம். 'நான் தொடவே இல்லை, நான் சுத்தம்' என்று எழுத மனசு வரும். அப்படி எழுதினால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். தடவிப் பார்த்த விரல்தான் கேட்பவருக்குத் தெரிந்த விரல். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை அடுத்த வரியில் சொல்லலாம். சொல்லாமல் ஒரு பார் முழுக்கப் பீட்டை மட்டும் ஓடவிட்டு, அப்புறம் ஹூக்குக்குப் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

எழுத்தின் ஓசை பற்றிக் கொஞ்சம். ஆங்கில ராப்பில் ஓசை ஒப்பு பெரும்பாலும் வரியின் கடைசியில், நாலாவது தட்டில் ஸ்நேர் என்ற டிரம்மின் அடி விழும் இடத்தில் வந்து உட்காரும். நம்மிடம் அதற்கு இயைபு உண்டு. அதற்கு மேல் வரித் தொடக்கத்தில் முதல் எழுத்து ஒத்து வரும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையும் உண்டு. செல்லூர், சொல்லாத. பாட்டா, வீட்டு. அண்ணன், கண்ணுல. முதல் தட்டிலும் அடி விழுகிறது, கடைசித் தட்டிலும் விழுகிறது. இரண்டு முனையிலும் பிடி கிடைக்கும் மொழி இது. நெடுஞ்செழியனின் 'இளையன் இவன் என உளையக் கூறி'யை ஒரு பீட்டின் மேல் சொல்லிப் பாருங்கள், எதுகை எங்கே இடிக்கிறது என்று காதுக்கே தெரியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வருவேன், எழுவேன், ஜெயிப்பேன் என்று விகுதியை வைத்து இயைபு கட்டுவது தமிழில் மிகச் சுலபம். வினைச்சொல் எல்லாமே அப்படித்தான் முடியும். சுலபமாக வருவதைக் காது மதிப்பதில்லை. மேலே நான் எழுதிய முகத்துல, ரிசர்வுல என்பதும் தனியாக நின்றால் மலிவுதான். அண்ணன், கண்ணுல என்ற எதுகை முன்னால் நின்று தாங்குகிறது. விகுதியைக் கடைசியில் வைப்பதானால் வேர்ச்சொல்லிலோ வரித் தொடக்கத்திலோ இன்னொரு ஒப்பு வையுங்கள்.

வட்டாரப் பேச்சை விடாதீர்கள். சென்னை ராப் கேட்டு வளர்ந்ததால் இங்கே உள்ளவர்களும் சென்னைத் தமிழில் எழுதுகிறார்கள். வட சென்னையில் பிறந்தவர் வாயில் அது அழகு. நமக்கு 'ஆய்ங்க' இருக்கிறது. சொன்னாய்ங்க, சிரிச்சாய்ங்க, அங்கிட்டு நின்னு பார்த்தாய்ங்க. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கும்பலை மொத்தமாகக் காட்ட இதைவிட நல்ல விகுதி கிடைக்காது. உச்சரிப்பிலேயே கொஞ்சம் சலிப்பும் கோபமும் இருக்கும்.

வெற்றியை எப்படிக் காட்டுவது? பெரும்பாலான பாட்டுகளில் கார், ஃபிளெக்ஸ் பேனர், மாலை. உண்மையில் கிடைத்திருந்தால் பாடுங்கள், தப்பில்லை. கிடைக்காததைப் பாட வேண்டாம். கேட்பவர் உங்கள் தெருவில் இருக்கிறார், அவருக்குத் தெரியும். ஏறியது ஒரே படி என்றால் அந்த ஒரு படியைப் பாடுங்கள்.

அப்பா இன்னைக்கும் தறியிலதான், ஆனா ஒண்ணு மாறிப்போச்சு
"எப்பப்பா அடுத்த பாட்டு?"ன்னாரு, எனக்குப் பேச்சே நின்னுபோச்சு

எழுதும் வரிசையைப் பற்றி ஒன்று. ஹூக்கிலிருந்து தொடங்க எல்லோருக்கும் ஆசை, அதுதான் கத்திப் பாட நன்றாக இருக்கும். நான் சொல்வது, முதல் வெர்ஸில் வறுமை, இரண்டாவதில் ஆசை என்று வைத்துக்கொண்டு, அந்த ஆசை வெர்ஸை முதலில் எழுதுங்கள். 90 வேகத்தில் ஒரு பீட்டை ஓடவிட்டு, உங்களை இழுத்த குரல் என்ன சொன்னதோ அதை அதன் சொற்களிலேயே நாலு வரி எழுதுங்கள். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அதைப் படித்தால் உங்களுக்கே மறுபடி ஆசை வர வேண்டும். வந்தால் முதல் வெர்ஸில் எந்த வறுமையைச் சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும், அந்த ஆசை எதைத் தீர்ப்பதாகச் சொன்னதோ அதுதான். ஹூக் கடைசியில் வரட்டும். அதற்குள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிந்திருக்கும், நாலு சொல் போதும்.